கரண்ட் இல்லாமல் வந்த படம்

"படம்லாம் வராதும்மா. அப்படியே வந்தாலும், இதான் படம்னு நீதான் சொல்லிக்கணும்."

பூந்தமல்லியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் இதைச் சொன்னபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. என்ன படம், எங்கிருந்து வரவேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் காது சூடானது.

பாயும் நானும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்கி, சொந்தமாக ஆன்டெனா கட்டி, செல்போன் கம்பெனி எதுவும் நடுவில் இல்லாமல் காற்று வழியே பேசிக்கொள்கிற கூட்டம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எங்கள் குழுவில் ஒன்பது பேர். அதுவரை குரல் மட்டும்தான்; என் மாடியிலிருந்து பாய் கடைக்குக் காற்று வழியே வீடியோ படமும் அனுப்புகிறேன் என்று போய் நின்றதற்குத்தான் அந்தப் பதில். எனக்கு லைசன்ஸ் வந்த அன்று அம்மா தெருவில் நாலு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள். "இன்னா வண்டி ஓட்டப் போவுது பொண்ணு?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். "வண்டி இல்லக்கா, இது காத்துக்குக் குடுக்கிற லைசென்ஸ்" என்று அம்மா சொன்னாள். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடிந்திருக்காது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கே போனாலும் இதைச் சொல்லிவிடுவேன். பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். அம்மா பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலில் கூடமாட வேலை பார்த்தவள். இப்போது முட்டிவலியால் வீட்டோடு இருக்கிறாள். நான் டிப்ளமோ முடித்து மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வரிசையாக வரும் மின்சாரப் பலகைகளை அளந்து, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லை என்றால் சிவப்பு. ஒரு நாளில் எத்தனையோ பலகைகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள், ஒரு கிரைண்டர் கடையில் போய்ப் 'படம் வராது' என்று கேட்டுக்கொண்டு வருவதா?

திருநின்றவூரில் எங்கள் வீடு ஒரு மாடி. அதன் மேல் அப்பா மூன்று மீட்டர் ஜி.ஐ. குழாயை நட்டுக் கொடுத்தார். சென்ட்ரிங்காரர் நட்ட குழாய், புயலுக்கும் அசையாது. அதன் உச்சியில் மீன் முள் போல நீளமான ஆன்டெனா, பூந்தமல்லியைப் பார்த்து. கீழே ஒரு கேமரா, ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர் பலகை, இரண்டு வாட் ஆம்ப்ளிஃபையர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி பாயின் கடைத் திரையில் தெரிந்தது. "வந்துடுச்சும்மா" என்று பாய் ரேடியோவில் ஒத்துக்கொண்டார். அப்புறம், "தொட்டி மூடி ஒடஞ்சு கீது பாரு, காக்கா வுளுந்துரும்" என்றார். நாங்கள் பார்க்காத விரிசல் அது. அன்றே மூடியை மாற்றினோம்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் குழுவில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆவடியில் ஒரு உயரமான கட்டடத்தின் மேல் ரிலே நிலையம் ஒன்று வைக்கலாம், யார் படம் அனுப்பினாலும் அதை வாங்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்பட்டும் என்று பேச்சு எழுந்தது. ஆனால் டிஜிட்டலில் படம் அனுப்ப ஒரே ஒரு முறை இல்லை. எங்களுக்குத் தோதானவை மூன்று. டிவிபி-எஸ், அதன் தங்கையான எஸ்-டூ, பிறகு டிவிபி-டி. ரிலேவில் ஒரு முறைக்குத்தான் ரிசீவர் வைக்க முடியும். எது என்று முடிவு செய்ய வேண்டும்.

எஸ் என்பது மொத்தச் சரக்கையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்புவது போல. ரோடு நேராக இருந்தால் லாரி நன்றாகப் போய்ச் சேரும். எஸ்-டூவும் லாரிதான்; வழியில் உடைந்த சரக்கை ஒட்டவைக்கிற கெட்டிக்காரத்தனம் அதற்குக் கூடுதல். டி முறையில் அதே சரக்கை ஏராளமான சைக்கிள்களில் பிரித்து ஏற்றுகிறோம். ஒரு சந்து அடைபட்டால் சில சைக்கிள்கள் நிற்கும், மற்றவை போய்விடும். கட்டடங்களில் மோதித் திரும்பி வரும் அலைகள் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் எல்லாச் சைக்கிளும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு வந்தால் கேட் திணறும். கேட் என்பது இங்கே ஆம்ப்ளிஃபையர். அதனால் டி முறையில் ஆம்ப்ளிஃபையரை முழுமூச்சில் ஓட்ட முடியாது, அடக்கி வாசிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் புதுப் புது அடுக்குமாடி. எனவே டி முறைதான் ஜெயிக்கும் என்று நான் முன்கூட்டியே ரேடியோவில் சொல்லி வைத்திருந்தேன். ஒன்று சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற குணம் எனக்கு உண்டு.

"அளந்து காட்டு, அதையே வெச்சுக்கலாம்" என்றார் குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். மற்றவர்களும் சரி என்றார்கள். ஒன்பது பேரின் ரிலே, என் ஒரு அட்டவணையில்.

அளந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரே ஆன்டெனா, ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே அலைவரிசை அகலம். பாயின் கடையில் டி முறைக்கு ஒரு ரிசீவர், மற்ற இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று. டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் ஒரு பெட்டி. அதில் குமிழை ஒரு படி திருப்பினால் ஒரு டெசிபல் குறையும். பத்து நொடிக்கு ஒரு படி. பாய் தன் கடைத் திரையைப் பார்த்துக்கொண்டு, படம் இருந்தால் 'கீது' என்று சொல்ல வேண்டும், போனால் 'போச்சு'. எத்தனை படி தாங்குகிறதோ அதுவே மதிப்பெண். கேமராவுக்கு முன் நானே வண்ணப் பட்டைகள் வரைந்து, என் அழைப்புக்குறியை எழுதிய அட்டையை நிறுத்தினேன். தொட்டி, காக்காய் எல்லாம் வந்தால் அளவு ஒழுங்காக இருக்காது என்று எண்ணம். எல்லாம் கம்பெனியில் செய்வது போலவே.

மூன்று ஞாயிறு. பாயின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "கீது... கீது... கீது... இன்னும் கீதும்மா, சோக்கா கீது..."

எஸ் ஏழு படி தாங்கியது. எஸ்-டூ ஒன்பது. டி பதினாறு! முதல் வாரம் பதினாறு, இரண்டாம் வாரம் பதினாறு, மூன்றாம் வாரமும் பதினாறு. எஸ்ஸும் எஸ்-டூவும் வாரத்துக்கு வாரம் ஒரு படி அப்படி இப்படி ஆடின. டி மட்டும் கல்லில் வெட்டியது போல அதே எண். கம்பெனியில் ஒரு பலகை மூன்று தடவையும் அச்சாக ஒரே எண்ணைக் காட்டினால் நான் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுவேன். இங்கே சந்தேகப்படவில்லை. இவ்வளவு துல்லியமாக அளக்கிறோமே என்று பூரித்துப் போய், அட்டவணையை அழகாகக் கட்டம் போட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். அடியில் 'டி முறை பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு வரி. கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. நாலாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆவடியில் கூட்டம். டி ரிசீவருக்கு ஆர்டர் போடுவது என்று ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, கூட்டத்துக்கு முன் கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அளக்க அவசியமே இல்லை. பதினாறைக் கேட்க எனக்கு ஆசை, அவ்வளவுதான். அம்மா மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டி முறையில் இரண்டாவது படிக்கு வந்திருந்தேன். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஆம்ப்ளிஃபையரின் விசிறி நின்றது. கீழே வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினும் நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது.

"கரண்ட் பூட்ச்சு" என்றாள் அம்மா, மிளகாயிலிருந்து தலையைத் தூக்காமல்.

கையிலிருந்த ரேடியோ மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பாயிடம் சொல்லப் பட்டனை அழுத்தப் போனேன். அதற்குள் அவரே வந்தார்.

"படம் சூப்பரா கீதும்மா! இன்னும் ஒரு படி எறக்கு!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தாள்.

"கரண்டே இல்ல. இவரு இன்னாத்தப் பாக்கறாரு?"

"கீதும்மா, கீது. கண்ணாடி மாதிரி கீது. எறக்கிக்கினே போ."

 பழக்கம் விடவில்லை. கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. பாய் அந்த இல்லாத படத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். கடைசியில், "ஆங், இப்ப போச்சும்மா. கறுப்பாயிடுச்சு. எத்தினி படி, பதினாறா?" என்று கேட்டார். கரண்ட் போய்ச் சரியாக இரண்டு நிமிடம்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பாயின் கடையில் இருந்த டி ரிசீவருக்கு ப்ரோகிராம் ஏற்றிக் கொடுத்தவள் நானே. சிக்னல் அறுந்தால் அது கடைசியாக வந்த படத்தை அப்படியே திரையில் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு அப்புறம்தான் கறுப்பாகும். எஸ்ஸும் எஸ்-டூவும் வரும் ரிசீவர் உடனே கறுப்பாகிவிடும். நான் அனுப்பியதோ அசையாத அட்டை. நின்றுபோன அட்டைக்கும் நிஜ அட்டைக்கும் பாய் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்? பத்து நொடிக்கு ஒரு படி என்றால் இரண்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டு படி. பதினாறில் பன்னிரண்டு போனால் நாலு. என் டி முறை நாலு படிதான் தாங்கியிருக்கிறது. மூன்று வாரமாக நான் அளந்தது சிக்னலை இல்லை, ப்ரோகிராமின் பொறுமையை. அது மட்டும் வாராவாரம் மாறவில்லை!

ரேடியோவில் குழு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கரண்ட் போனது எங்கள் தெருவில். தெரிந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்.

"இன்னிக்கி இத்தோட முடிச்சுக்கலாம் பாய்" என்றேன்.

"பதினாறுதானே?"

"சாயங்காலம் பேசலாம் பாய்" என்று ரேடியோவை அணைத்தேன்.

 சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டி ரிசீவர் வாங்குவார்கள். ரிலேவுக்குப் படம் சரியாக வராது. ஆன்டெனா சரியில்லை, கேபிள் சரியில்லை, காற்றில் ஈரம் என்று ஒவ்வொருவரும் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டு மாடி ஏறி இறங்குவார்கள். என் அட்டவணையை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் அது 'டெஸ்டிங்ல இருக்கிற பொண்ணு' போட்டது. சொன்னாலோ, அடுத்த தடவை நான் எதை அளந்து சொன்னாலும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் தப்பு செய்தான் என்பதோடு போய்விடும். எங்கள் வீட்டில் நான் செய்தால் படிப்பு மேலேயே பழி விழும் என்று எப்போதும் ஒரு எண்ணம்.

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நூறு பேருக்கு வெச்ச சாம்பார்ல உப்ப ரெண்டு தபா போட்டுட்டேன்னு வெச்சுக்க. பந்தி போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா அது சமையல்காரி அதிஷ்டம். நாலு மணிக்குத்தானே ஒன் பந்தி? போய்ச் சொல்லு. தலையில முண்டாசு கட்டிக்கினு சோகமா ஒக்காராத."

ஆவடியில் கூட்டம் நடந்தது குழுவில் ஒருவர் நடத்தும் டியூஷன் சென்டரின் மேல்மாடியில். பெஞ்சுகள், வெள்ளைப் பலகை, சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. குழுவில் என்னைத் தவிர ஒரே பெண், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் நர்ஸ். என்னைவிட இரண்டு வயது சின்னவள், புதிதாக லைசன்ஸ் எடுத்தவள். அவள்தான் மார்க்கரை எடுத்துக் கொடுத்தாள்.

"அதான் ரிசல்ட் வந்துடுச்சே" என்றார் ரயில்வேக்காரர். "டி பதினாறு. கையத் தட்டிட்டு டீ சொல்லுங்கப்பா."

"சார், அந்தப் பதினாறு தப்பு" என்றேன்.

பெஞ்சில் ஒரு முனகல். பலகையில் பதினாறை எழுதி, அதன் கீழே பன்னிரண்டை எழுதிக் கழித்துக் காட்டினேன். ப்ரோகிராம், அசையாத அட்டை, இரண்டு நிமிடம், எல்லாம் சொன்னேன். காலையில் கரண்ட் போனதையும் சொன்னேன். 

முதலில் பேசியவர் பாய். "இரு இரு. காலைல நான் பாத்தது இன்னா அப்போ?"

"நின்னுபோன படம் பாய்."

"ரெண்டு நிமிஷமா?"

"ஆமா பாய்."

"செத்துப்போன படத்தப் பாத்தா நான் கண்ணாடி மாதிரி கீதுன்னு சொன்னேன்?"

"சோக்கா கீதுன்னும் சொன்னீங்க" என்றாள் நர்ஸ். "நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். ரயில்வேக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரண்ட் இல்லாமலே படம் அனுப்பற பொண்ணு நம்ம குரூப்ல கீது. இதுக்கு மேல இன்னாயா ரிலே?" என்றார். அந்தச் சிரிப்புக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். வந்து பார்த்தால், அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் விடவில்லை. "சரிம்மா. நாலுன்னு சொல்றியே, அதுவும் நீ கழிச்சுச் சொல்றதுதானே? அளந்து சொல்லல."

"ப்ரோகிராம்ல ஒரு வரி மாத்தினா போதும் சார். படம் போனதும் ஸ்க்ரீன் கறுப்பாயிடும். அடுத்த வாரம் மாத்திட்டு அளந்துடறேன்."

"நீயே மாத்தி நீயே அளந்தா? வாணாம். ஒண்ணுமே மாத்தாத. நாங்க எல்லாரும் பாய் கடைக்கு வர்றோம். எங்க கண்ணுக்குத் தெரியணும், படம் உசுரோட கீதா இல்லியான்னு."

நியாயமான கோரிக்கை. ஆர்டர் ஒரு வாரம் தள்ளிப்போனது.

படம் உயிரோடு இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் அதில் ஏதாவது அசைய வேண்டும். கடிகாரத்தை வைக்கலாம் என்று யோசித்தேன். ஆனால் கடையில் இருப்பவர்களுக்கும் மணி தெரியுமே, தெரிந்ததையே சொல்லிவிடுவார்கள். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று வேண்டும். அம்மா என்ன நினைக்கிறாள் என்பதை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் முன்கூட்டிச் சொன்னது கிடையாது.

"ஒவ்வொரு படிக்கும் சிலேட்டுல ஒரு நம்பர் எழுதணும். மனசுல எது தோணுதோ அது. எனக்கும் சொல்லாத. கேமராவுக்குக் காட்டு, அப்புறம் அழிச்சுட்டு வேற எழுது."

"எனக்கு எழுத்து தெரியாதே."

"நம்பர் தெரியும்ல?"

"நம்பர் தெரியும்" என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாகவே.

அம்மா எண்களைக் கற்றது தினசரி நாட்காட்டித் தாளிலிருந்து. அதனால் அவள் எழுதுவது கையெழுத்து மாதிரி இருக்காது. அச்சு மாதிரி இருக்கும். அவளுடைய ஒன்றுக்குக் கீழே பீடம் உண்டு, நாலு மேலே மூடியிருக்கும். கிழிக்கிற தாளைப் பார்த்துப் பார்த்துத் தானாக வரையப் பழகியவள். மார்க் ஷீட்டில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த அம்மாவிடம் இப்படி ஒரு வித்தை இருப்பது எனக்கு ஏழாம் வகுப்பில்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை பட்டுப் புடவையில் மாடிக்கு வந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"டி.வி.ல வர்றேன்ல?"

பூந்தமல்லிக் கடையில் பாயைத் தவிர ஏழு பேர். திரைக்கு முன் முக்காலியில் பாய். இந்தத் தடவை மூன்று முறைகளையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவு செய்தோம். எஸ்-டூ முதலில் வந்தது. அம்மா எழுதினாள், காட்டினாள், அழித்தாள். பாய் ரேடியோவில் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். "பதினெட்டு... அஞ்சு... எழுவத்தி ரெண்டு... யம்மா, ஒங்கம்மா இன்னா அழகா எழுதறாங்க, பிரிண்ட் அடிச்சாப்ல கீது." ஒன்பது படி தாங்கி, பத்தாவதில் திரை கறுத்தது. அடுத்து எஸ். ஏழு.

கடைசியில் டி.  விடை தெரிந்த பரீட்சைதான், இருந்தாலும் ஒரு மூலையில் ஆசை: ஒருவேளை என் கழித்தல் தப்பாக இருந்து, நிஜமாகவே பத்து, பன்னிரண்டு தாங்கிவிட்டால்?

"நாப்பது" என்றார் பாய், முதல் படியில். "ஒம்போது. அறுவத்தி ஆறு." நாலாவது படி. "முப்பத்தஞ்சு."

ஐந்தாவது படிக்குத் திருப்பினேன். அம்மா சிலேட்டை அழித்து, இருபத்தெட்டு எழுதிக் காட்டினாள்.

"முப்பத்தஞ்சு" என்றார் பாய்.

அம்மா சிலேட்டைத் திருப்பித் தான் எழுதியதைச் சரிபார்த்தாள்.

"முப்பத்தஞ்சேதான் கீது" என்றார் பாய்.

"நான் எப்பவோ அழிச்சிட்டேன்!" என்று அம்மா என் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். பட்டனை அழுத்தியிருந்தேன், கடை முழுக்கக் கேட்டது.

பின்னாலிருந்து ரயில்வேக்காரரின் குரல். "போச்சுய்யா பாய், போச்சுன்னு சொல்லு."

"போச்சு" என்றார் பாய். அப்புறம், "ஆனா இன்னும் முப்பத்தஞ்சு சோக்கா கீது" என்றார்.

நாலு. என் கழித்தல் சரி. என் ஆரூடம் தப்பு. திருநின்றவூர் மாடிக்கும் பூந்தமல்லிக் கடைக்கும் நடுவே வழி திறந்துதான் கிடக்கிறது. ரோடு நேராக இருக்கும்போது லாரிதான் சரி. சைக்கிள்களுக்காக ஆம்ப்ளிஃபையரை அடக்கி வாசித்ததில் டி முறைக்கு நஷ்டம்தான் மிச்சம். ரிலேவுக்கு எஸ்-டூ என்று அங்கேயே முடிவாகி, ஆர்டரும் போட்டுவிட்டார்கள். அட்டவணையை மறுபடி கட்டம் போட்டு அனுப்பினேன். அடியில், எந்த எண்ணை எப்படித் தப்பாக அளந்தேன் என்று ஆறு வரி எழுதினேன். பரிந்துரை வரியைவிட அந்த ஆறு வரியை எழுதும்போதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனியில் என் மேலதிகாரியிடம்கூட வாசித்துக் காட்டினேன்.

ரிலே வந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. எட்டுப் பேர் வீட்டில் படம் தெளிவாக வருகிறது. பாய் தன் கடையிலிருந்து கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதை நேரலையாகக் காட்டுகிறார், யாரும் கேட்காமலே. ஒன்பதாவது ஆள் முத்தாபுதுப்பேட்டை நர்ஸ். போன ஞாயிறு ரேடியோவில் அவள் சொன்னாள்:

"அக்கா, எங்க ஊட்டுல ஒண்ணுமே வரலக்கா. ஆவடிப் பக்கம் அஞ்சு மாடி அபார்ட்மென்ட் நிக்குது. ஆன்டெனாவ எங்க திருப்பினாலும் துண்டு துண்டா வந்து கறுப்பாயிடுது."

"இனிமே எனக்கு டியூட்டி ரூம்லதான் டி.வி." என்றும் சொன்னாள். சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டை அளக்காமலே ஒன்பது பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியவள் நான். என் ஆறு வரியில் 'வழி திறந்திருக்கும் இடத்தில்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்கு நேர்வழி கிடையாது. சுவர்களில் மோதி மோதி வருகிற அலைகள் மட்டும்தான். லாரி நுழையாத சந்து.

வியாழக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டேன். பாயின் கடையில் சும்மா கிடந்த டி ரிசீவரை வாங்கிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். இந்தத் தடவை ப்ரோகிராமில் அந்த வரியை மாற்றிவிட்டேன். ரயில்வேக்காரரிடம் காட்டி, ஒப்புதல் வாங்கி. நர்ஸ் இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் எனக்காக ஸ்பேனரோடு மாடியில் காத்திருந்தாள். ஆவடிப் பக்கம் அபார்ட்மென்ட் மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு நேர் எதிர்த் திசையில், வெறும் மைதானத்துக்கு அப்பால், இன்னொரு கட்டடத்தின் ஜன்னல் இல்லாத பெரிய வெள்ளைச் சுவர். அலை அதில் மோதித் திரும்பினால் நேராக இவள் மாடிக்குத்தான் வர வேண்டும்.

நாங்கள் ஆன்டெனாவை ஆவடிக்கு முதுகைக் காட்டித் திருப்பினோம். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த அவள் சித்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, டவரு அந்தாண்ட கீதுன்னு சொன்ன, இது செவுத்தப் பாத்துக்கினு கீது?"

"செவுரு இன்னா சொல்லுதுன்னு பாக்கப் போறோம் சித்தி" என்றாள் நர்ஸ்.

டி முறையில் ஆவடியிலிருந்து அனுப்ப ரயில்வேக்காரர் தன் பழைய ஆம்ப்ளிஃபையரைத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அளக்கப்போவது வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு; எஸ்-டூவும் டியும், சீட்டுக் குலுக்கி. நர்ஸ் ஆன்டெனாவை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு போல்ட்டையும் இறுக்கி, கேபிளை வீட்டுக்குள் இறக்கி, ரிசீவரில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.